விசிறி இல்லாத ஊரின் மின்கணக்கு

ஊட்டி, குன்னூர் அலுவலகங்களில் ஏசி கிடையாது, மின்விசிறியே அபூர்வம். அதனாலேயே மின்சிக்கனம் என்பது கோவைக்காரர் கவலை என்ற நினைப்பு இங்கே ஊறிப்போயிருக்கிறது. உண்மையில், அந்த இரண்டும் இல்லாத இடத்தில் மீட்டரை ஓட்டுவதில் கணினிக்கும் பிரிண்டருக்கும்தான் பெரும் பங்கு. வேலையில்லாமல் திறந்து கிடக்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் வேலை நேரம் 40 போக, மீதி 128 மணி நேரமும் அது ஓடினால் 6.4 யூனிட், ஆண்டுக்கு 330 யூனிட்டுக்குமேல். திரையில் மீன் நீந்தவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: ஸ்கிரீன்சேவர் காப்பாற்ற வந்தது பழைய குண்டுத் திரையை, மின்சாரத்தை அல்ல.

இந்த 330 யூனிட்டைத் தண்ணீராகப் பார்க்கலாம். 1932 முதல் பைக்காரா ஆற்று நீர் 900 மீட்டருக்குமேல் குழாயில் இறங்கி, சிங்காராவில் மின்சாரமாகிறது. அந்த உயரத்திலிருந்து ஆயிரம் லிட்டர் விழுந்தால் கிடைப்பது சுமார் 2 யூனிட். ஆக, ஆளில்லாத அறையில் விழித்திருக்கும் ஒரே கணினி ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்குமேல் குடித்துவிடுகிறது. புனல் மின்சாரம்தானே, புகையா வருகிறது என்பார்கள். ஆனால் மலைக்கென்று தனிக் கம்பி இல்லை. மாநிலம் முழுக்க ஒரே மின்தொகுப்பு. அணையில் தேங்கும் நீரை, மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது திறந்துவிட்டால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். குந்தா நீரேற்று மின் திட்டத்தின் நோக்கமே, அவலாஞ்சி–எமரால்டு நீரை மின்சாரம் செலவழித்துப் போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்துக்கு வைத்திருப்பதுதான். கீழே விடாமல் மிச்சம் பிடித்த நீருக்கு அந்த ஏற்றுக்கூலி கிடையாது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாடவைக்கும் விசிறிகளுக்குமுன் கணினி கடுகுதான், மறுக்கவில்லை. ஆனால் விசிறி கொழுந்தை வாட்டுகிறது. இரவுக் கணினி எதையும் செய்வதில்லை. வலுவான ஆட்சேபம் மலைக்கே உரியது: அணைத்தால் மழைக்காலத்தில் ஈரமேறிப் பூஞ்சை பிடிக்குமாம். பாதி உண்மை. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் ஓடும் கணினி தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். ஈரம் தின்பது மாதக்கணக்கில் மூலையில் கிடப்பதை. அதை யாரும் இரவில் ஓடவிடுவதில்லை! லேசர் பிரிண்டரை அணைத்தால் தாள் நமுத்துப்போகும் என்பதும் இதே கதைதான். உள்ளே 200 டிகிரியை நெருங்கும் உருளை, தன்னைக் கடக்கும் தாளைத்தான் சுடுகிறது. தட்டில் நமுத்துக் கிடக்கும் தாள்கட்டை அல்ல. தாள் சிக்காமலிருக்க, மாலையில் அந்தக் கட்டை எடுத்து அதன் பிளாஸ்டிக் உறையிலேயே மடித்து வைத்தால் போதும். பிரிண்டர் சுவிட்சையும் அப்போதே அணைத்துவிடலாம்.