மூச்சும் பேச்சும்: திக்குவாய்க்கு ஒரு துணைப் பயிற்சி

வாய்மொழித் தேர்வுக்கு வந்து நிற்கும் மாணவனுக்கு விடை தெரியும். ஆயினும் முதற் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பயணச்சீட்டு வாங்க வருபவர் தாம் செல்லவேண்டிய ஊரின் பெயரைச் சொல்ல இயலாமல், நாவுக்கு எளிதான வேறோர் ஊருக்குச் சீட்டு வாங்கிச் செல்வதும் உண்டு. இதற்கு அறிவுக் குறைவோ, துணிவின்மையோ காரணமன்று. மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுவதாக மதிப்பிடப்படுகிறது. இவ்விகிதத்தை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பேசுகின்றனர் எனக் கொள்ளலாம்.

காரணம் மூச்சன்று

திக்குவாய் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே தோன்றுகிறது. அவ்வயதில் திக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் நாளடைவில் சீராகப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். வளர்ந்த பின்னும் திக்குவோரில் ஆண்களின் எண்ணிக்கை பெண்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

அச்சத்தாலோ, பிறரைப் பார்த்துப் பேசிப் பழகியதாலோ, பெற்றோரின் வளர்ப்பாலோ திக்குவாய் வருகிறது என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இது குடும்ப வழியில் தொடர்வதுண்டு. இதனுடன் தொடர்புடைய சில மரபணு மாற்றங்கள் 2010ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. பேச்சுக்குரிய தசைகளை உரிய கணத்தில் இயக்கும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டிலும் வேறுபாடுகள் காணப்படுகின்றன. எனவே, தவறான மூச்சுப் பழக்கமே திக்குவாய்க்கு மூலகாரணம் எனல் பொருந்தாது. எனினும், திக்கும் வேளையில் மூச்சு நிலைகுலைவதும், அதனால் இடர்ப்பாடு மிகுவதும் உண்மை. மூச்சுப் பயிற்சியின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

பேச்சுக்குரிய மூச்சு

ஓய்வாக இருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். அப்போது உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் ஆகும் நேரத்தில் பெரும் வேறுபாடு இல்லை. பேசும்போதோ காற்றை விரைந்து உள்ளிழுத்து, நெடுநேரம் சிறிது சிறிதாக வெளிவிடுகிறோம். மூச்சு நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெளிமூச்சுக்கே செலவாகிறது. வெளியேறும் அக்காற்று குரல்வளையிலுள்ள குரல் நாண்களை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கிறது.

திக்குபவர் பலரிடம் இவ்வொழுங்கு குலைகிறது. சிலர் காற்றை நிரப்பிக்கொண்டு மூச்சை அடக்கிவிடுகின்றனர். குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. வேறு சிலர் காற்று தீர்ந்த பின்னும் நிறுத்தாமல் பேச முயல்கின்றனர். முயற்சி மிகுந்தால் இறுக்கம் மிகுகிறது. இறுக்கம் அச்சத்தை வளர்க்கிறது. அச்சம் அடுத்த சொல்லையும் தடுக்கிறது.

பயிற்சி முறை

முதற்கண் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுக்கையில் தோள்கள் உயராமல் வயிறு மெல்ல முன்வர வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் நன்கு இயங்குவதற்கு இது அடையாளம். நாள்தோறும் சில நிமிடம் இவ்வாறு பழகலாம். தலைசுற்றல் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த படியில், இயல்பான அளவு காற்றை இழுத்து, அதனை அடக்காமல் வெளிவிடத் தொடங்கி, அவ்வோட்டத்தின்மீதே 'ஆ' என்னும் ஒலியை மென்மையாக எழுப்ப வேண்டும். பின்னர் ஒரு சொல், இரு சொல், சிறு தொடர் எனப் படிப்படியாக நீட்டலாம். காற்று தீருமுன் பொருள் முடியும் இடத்தில் நிறுத்தி, மீண்டும் மூச்செடுக்க வேண்டும். உரத்து வாசித்தல், வீட்டாருடன் உரையாடுதல், தொலைபேசியில் பேசுதல், அவையில் பேசுதல் என்ற வரிசையில் சூழ்நிலையையும் கடினமாக்கிக்கொண்டு செல்வது முறை.

"நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு பேசு" என்பது பலரும் கூறும் அறிவுரை. பெருமூச்சை இழுத்து அடக்கிக்கொண்டால் தடை மிகவே வாய்ப்புண்டு. வேண்டுவது மிகுதியான காற்றன்று. தடையின்றி வெளியேறும் காற்றே.

எல்லையும் உதவியும்

அமெரிக்க உளவியலாளர்களான ஆஸ்ரின், நன் இருவரும் 1974ஆம் ஆண்டில், ஒழுங்குபடுத்திய மூச்சின் வழியே திக்குதலைப் பெரிதும் குறைக்கலாம் என எழுதினர். பின்வந்த ஆய்வுகளில் அத்துணைப் பெரும் வெற்றி எல்லோரிடத்தும் காணப்படவில்லை. ஆகவே, மூச்சுப் பயிற்சியை முழுத் தீர்வாகக் கொள்ளாமல், பேச்சுப் பயிற்சியின் ஓர் உறுப்பாகக் கொள்வதே தகும். சில நாட்களில் திக்குவாயை அறவே நீக்குவதாகக் கூறிப் பணம் பெறுவோரிடம் விழிப்பு வேண்டும். பேச்சுப் பயிற்சி அளிப்பவர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது நலம்.

மைசூரில் 1965ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் பயிற்சியும் சிகிச்சையும் அளித்து வருகிறது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களையும் பெற்றோர் நாடலாம். ஒரு குழந்தையின் திக்குதல் பல மாதங்கள் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, பேச்சையே அது தவிர்க்கத் தொடங்கினாலோ காத்திருத்தல் கூடாது.

கேட்போரின் கடமை

பேசுபவர் எவ்வளவு பழகியிருந்தாலும், எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்தால் அவருடைய மூச்சு மீண்டும் இறுகிவிடும். ஆசிரியரும் அலுவலரும் பொறுமையாகக் கேட்க வேண்டும். சொல்லை முந்திக்கொண்டு முடித்துவிடலாகாது. 'பதறாமல் பேசு' எனத் திருத்தவும் வேண்டா. வாய்மொழித் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் சில நிமிடங்கள் கூடுதலாக அளித்தால், திக்குபவர் தாம் அறிந்ததை முழுவதும் சொல்ல இயலும். மூச்சைச் சீராக்குவது பேசுபவரின் முயற்சி. அம்முயற்சிக்கு நேரம் தருவது கேட்பவரின் கடமை.