உஷார்! அம்பரப்பர் மலை இன்னும் தப்பிக்கவில்லை

"நியூட்ரினோவா? அது எப்பவோ முடிஞ்சு போச்சுப்பா." ராசிங்காபுரம் டீக்கடையில் யாராவது இப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தக் காகிதத்தில் முடிந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் காகிதத்தை யாராலும் எடுத்துக் காட்ட முடியாது. தமிழ்நாடு அரசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்ன வாய் வேண்டும் என்று சொல்ல எத்தனை நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் போகிற பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். உச்சிக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டம், மழை. இந்தப் பக்கம் நாம்: தென்னை, மக்காச்சோளம், வானம் பார்த்த காடு, ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்று. விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மேலே ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறார்கள். மேலே பெய்கிற மழையில் நமக்கு வருவது, பாறை இடுக்கில் கசிந்து ஓடையாகவும் கிணற்று ஊற்றாகவும் இறங்குகிற தண்ணீர் மட்டும்தான். அதனால் இந்த மலையில் ஒருவன் துளை போடுகிறான் என்றால் அது இயற்பியல் சமாச்சாரம் மட்டுமல்ல, கிணற்றுச் சமாச்சாரமும்கூட.

பொட்டிப்புரம், புதுக்கோட்டை ஊர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது அம்பரப்பர் மலை. அதன் அடிவாரத்தில் சுமார் 63 ஏக்கர் நிலத்தை நியூட்ரினோ ஆய்வகத்துக்கென ஒதுக்கி வேலி போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஆடு மேயும். அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். ஆட்டுக்கு அரசாணை தெரியாது. கம்பி இடைவெளியில் தலையை நுழைத்துப் பார்க்கும்.

திட்டம் இதுதான். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம். தலைக்கு மேலேயும் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை. உள்ளே குகை மாதிரி ஒரு கூடம், அதில் 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி நிறுத்துவார்கள். மதிப்பு சுமார் 1500 கோடி ரூபாய். முன்னின்று நடத்துவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த இடத்தில் நம் ஆட்களிடமும் உஷாராக இருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூட்ரினோ துகள் உடம்பில் பட்டால் புற்றுநோய் வரும், பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும் என்றெல்லாம் மைக்கைப் பிடித்துப் பேசியவர்கள் உண்டு. அது தப்பு. நீங்கள் இதைப் படிக்கிற இந்த விநாடியில்கூடச் சூரியனிலிருந்து கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்களை ஊடுருவிப் போகின்றன, ஒன்றும் ஆகாது. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் இந்தத் துகளைக் கண்டார்கள். அது பெருமைக்குரிய வேலை. பயப்பட வேண்டியது துகளுக்கு அல்ல. வெடிக்கு, தோண்டி வெளியே கொட்டப்போகிற லட்சக்கணக்கான டன் கல்லுக்கு, பாறைக்குள் ஓடும் நீர்த்தாரைக்கு. பொய்ப் பயத்தைக் கிளப்பினால், விஞ்ஞானம் தெரிந்த ஒருவர் வந்து அதை இரண்டு நிமிடத்தில் உடைப்பார். உடைந்த கையோடு நிஜமான பயமும் காற்றில் போய்விடும்.

நிஜமான பயம் என்னவென்று இத்தாலியைக் கேட்டால் சொல்லும். அங்கே கிரான் சாசோ மலைக்குள் நெடுஞ்சாலைச் சுரங்கம் குடைந்தபோது நிலத்தடி நீர்மட்டம் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிட்டது. அதே மலைக்குள் அமைந்த இயற்பியல் ஆய்வகத்தில் 2002 ஆகஸ்டில் நியூட்ரினோ சோதனைக்கு வைத்திருந்த வேதித் திரவம் சிந்தி, பக்கத்து ஓடையில் கலந்தது. சிந்தியது குடக்கணக்கில்தான். ஆனால் அந்த மலைதான் சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற மலை. ஊர் கொதித்தது, ஆய்வகத்தின் வேலைகள் முடங்கின. அம்பரப்பர் மலைக்குத் திட்டமிட்டது வேறு வகைக் கருவி, இரும்பும் காந்தமும். அதே திரவம் இங்கே வராது. ஆனால் பாறை பாறைதான், ஊற்று ஊற்றுதான்.

இனி அரசியல்வாதிகள் கதைக்கு வருவோம். மேடைப் பேச்சை விட்டுவிட்டு நாள் குறிப்பை மட்டும் பாருங்கள்.

முதலில் இந்த ஆய்வகம் வருவதாக இருந்தது நீலகிரியில், சிங்காரா பக்கம். முதுமலைப் புலிகள் காப்பகம், யானை வழித்தடம் என்று காரணம் சொல்லி 2009 நவம்பரில் அதை மறுத்தவர் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். சரியான முடிவு. அப்படியே அது தேனி மாவட்டத்துக்கு நகர்ந்தது. சுருளியாறு பக்கம் பார்த்து, காடு அடர்த்தி என்று விட்டு, போடி மேற்கு மலையில் இந்த அம்பரப்பர் மலைக்கு வந்து நின்றது. அதே அமைச்சர் காலத்திலேயே போடிக்குப் பச்சைக்கொடியும் காட்டப்பட்டது. சென்னையில் அன்று திமுக ஆட்சி, டெல்லி கூட்டணியிலும் திமுக. முதுமலை யானைக்கு வக்காலத்து வாங்கியவர்கள் நமக்குப் பக்கத்து மதிகெட்டான் சோலை யானைக்கு ஏன் வாங்கவில்லை என்று அன்று நாமும் கேட்கவில்லை.

முதல் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது 2011 ஜூன் தொடக்கத்தில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஓ.பன்னீர்செல்வம் போடித் தொகுதியில் முதல் தடவை ஜெயித்துக் கோட்டையில் அமைச்சராக உட்கார்ந்திருந்தார். 2015 ஜனவரி 5-ல் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்குச் சுமார் 1500 கோடி ஒதுக்கி ஒப்புதல் தந்தபோது தமிழ்நாட்டின் முதலமைச்சர் யார்? அவரேதான். 2018 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி தந்தபோது துணை முதலமைச்சர் யார்? அவரேதான். நம் தொகுதிக்காரர் மாநில ஆட்சியின் மேல்படியில் நின்ற நேரங்களிலேயே நம் மலைக்கு வந்த மூன்று பெரிய அடிகளும் விழுந்தன. அவர்தான் அடித்தார் என்று நான் சொல்லவில்லை. அனுமதி தந்தது டெல்லி. ஆனால் தொகுதியின் எம்.எல்.ஏ. அந்த நாட்களில் எழுத்தில் என்ன சொன்னார் என்று கேட்கிற உரிமை ஓட்டுப் போட்டவனுக்கு உண்டு. 2016, 2021 தேர்தல்களிலும் நாம் அவரையேதான் ஜெயிக்க வைத்தோம்.

தண்ணீர் விஷயத்தில் அவருக்கு எதிராக ஊர் ஒருமுறை திரும்பியதும் உண்டு. 2017 ஜூலையில் பெரியகுளத்துக்கு அருகே லட்சுமிபுரத்தில், அவர் குடும்பத் தோட்டத்துக் கிணறுகளால் ஊருக்குக் குடிதண்ணீர் இல்லாமல் போகிறது என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் கிணற்றை ஊருக்கே கொடுப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஊர் கூடிக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எதிர்த்தவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. வைகோ மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை நடக்கக் கூடாது என்று 2015 மார்ச்சில் உத்தரவு வந்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடம் கட்டுகிற மாதிரிச் சாதாரணப் பட்டியலில் போட்டு அனுமதி வாங்கியது தப்பு. அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரமும் இல்லை என்றெல்லாம் சொல்லி, 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் அந்த 2011 அனுமதியை நிறுத்தி வைத்தது. உடனே என்ன செய்தார்கள்? மறுவருஷமே டெல்லியில் நேராக, தனி நேர்வாக எடுத்து மறுபடி கொடுத்துவிட்டார்கள். 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்துவிட்டது; தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அது மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் போனது. அங்கேதான் 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பிரமாணப் பத்திரம் போட்டது: இது மதிகெட்டானையும் பெரியாறையும் இணைக்கிற புலி வழித்தடம், கொட்டகுடி ஆற்றின் நீர்ப்பிடிப்பு, ஆகவே அனுமதிக்க மாட்டோம் என்று.

நல்ல வேலை. கை தட்டலாம். ஆனால் தட்டிவிட்டு யோசியுங்கள்: பிரமாணப் பத்திரம் என்பது அன்றைய அரசின் நிலைப்பாடு, சட்டம் அல்ல. அடுத்து வருகிற அரசு வக்கீலை மாற்றி இன்னொரு பத்திரம் போட்டால் யார் தடுப்பது? ஒருமுறை நின்ற அனுமதி ஒரே வருஷத்தில் திரும்ப வந்ததை இப்போதுதானே பார்த்தோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையை நிரந்தரமாகக் காக்க வேண்டிய சட்டமாவது இருக்கிறதா என்றால், அதுவும் வரைவாகவே நிற்கிறது. மாதவ் காட்கில் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. அது கடுமை என்று கஸ்தூரிரங்கன் குழு 2013-ல் இன்னொன்று கொடுத்தது. 2014 முதல் வரைவு அறிவிக்கை, வரைவு அறிவிக்கை என்று திரும்பத் திரும்பப் போட்டு, ஆறாவது வரைவு வந்த தேதி 2024 ஜூலை 31. அதற்கு முந்தின நாள் விடியற்காலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த வரைவில் தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு கட்சியும் ஏதாவது ஆட்சேபம் சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

குரங்கணியை மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11. மலையேற வந்த பிள்ளைகள் காட்டுத் தீயில் கருகினார்கள், 23 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு ஒழுங்கான விதிமுறை வந்தது. நம் மலையில் எல்லாமே உயிர் போன பிறகு வருகிற விதிதான். அதே மார்ச்சில்தான் சுரங்கத்துக்கு மறு அனுமதியும் வந்தது. தீ அணைந்த சூடுகூட ஆறவில்லை.

ஆகவே இனி ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கொடி கட்டிய வேனில் வந்தாலும், "மலையைக் கண்ணைப் போல் காப்போம்" என்கிற வசனத்துக்கு மாலை போடாதீர்கள். "அண்ணே, ஒரு நிமிஷம். அம்பரப்பர் மலையை வனவிலங்கு வழித்தடமாகச் சட்டப்படி அறிவிக்கச் சொல்லி சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வருவீங்களா? ஆறாவது வரைவை அப்படியே ஏத்துக்குவீங்களா? எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தால் அதுவே பதில்.

அரசிடம் கேட்க இன்னொரு வழி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு. அந்த 63 ஏக்கர் இன்று யார் பெயரில் இருக்கிறது, ஒதுக்கீடு ரத்தானதா என்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அடுத்தது கிராம சபை. நம் பக்கத்து ஊராட்சிகளில் 2019 கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் காலத்தில் தீர்மான நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பது இன்னும் முக்கியம். கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள், நூறு நாள் வேலைக்கான வருகைப் பதிவு என்று சொன்னாலும் சரி.

பொட்டிப்புரம், புதுக்கோட்டை, ராமகிருஷ்ணாபுரம், ராசிங்காபுரம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அம்பரப்பர் மலைப் பக்கம் புதிதாக அளவுக்கல் நட்டாலோ, துளைபோடும் வண்டி ஏறினாலோ, அன்றைக்கே தேதி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்காக வாசல் திண்ணையில் ஒரு வெள்ளைத்தாளும் ஒரு பேனாவும் தயாராக இருக்கட்டும்.