சின்னக் காருக்குப் பெரிய சக்கரம் வேண்டுமா?

சின்னக் கார் வைத்திருப்பவர் கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அலாய் வீல் கடை. 14 அங்குல இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் மாட்டினால் வண்டிக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. அந்த ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் பிரேக் அடித்தால் சட்டென்று நிற்கவும், ஈரச் சாலையில் வழுக்காமல் திரும்பவும், பள்ளத்தில் விழுந்தால் இடுப்பை நோகடிக்காமல் எழவும் வேண்டுமென்றால் அந்தப் பணம் போகவேண்டிய இடம் டயர்தான். ஊரெங்கும் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டை வைத்தே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2018இல் வந்த ஸ்விஃப்ட்டின் விலை குறைந்த மாடல்களில் 165/80 ஆர்14 டயர், மேல் மாடல்களில் 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிக் கூட்டினால் முதல் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ 620 மி.மீ., இரண்டாவதன் உயரம் 621.5 மி.மீ. ஸ்பீடோமீட்டர் பிசகாமலிருக்க நிறுவனம் இவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறது. 17 அங்குல ரிம்முக்கு 205/45 டயர் போட்டால் மொத்த உயரம் 616 மி.மீ.; அதிலும் பெரிய பிசகில்லை. பக்கச் சுவரைப் பாருங்கள்: 14 அங்குலத்தில் 132 மி.மீ. இருந்தது இப்போது 92 மி.மீ. ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது இந்த ரப்பர்ச் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அதில் நான்கு சென்டிமீட்டர் போய்விட்டால் மழைக்குப் பிந்தைய குழிகளின் அடி நேராக ரிம்மில் விழும். இரும்பு டிஸ்க் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலாய் விரிசல் விட்டால் அதைத் தூக்கிப் போடுவதே பாதுகாப்பு.

அகலமான டயர் ரோட்டை அதிகம் பிடிக்குமே என்பார்கள். ஸ்விஃப்ட்டின் எடை சுமார் 900 கிலோ. ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 225 கிலோ. 32 பி.எஸ்.ஐ. காற்று ஒரு சதுர சென்டிமீட்டரில் தாங்குவது சுமார் 2.25 கிலோ. ஆக, ரோட்டைத் தொடும் பரப்பு ஒரு டயருக்கு ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர், உள்ளங்கை அளவு. காற்றழுத்தம் மாறாதவரை அகல டயரிலும் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. காய்ந்த ரோட்டில் வளைவு திரும்ப அந்த வடிவம் உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேங்கிய நீரில் அதே அகலம் எதிரி: நீரை ஒதுக்க முடியாமல் டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்குவது அகல டயரில் சீக்கிரம் நடக்கும். பரப்பு ஏறத்தாழ அதேதான் என்றால் பிடிமானத்தைத் தீர்மானிப்பது ரப்பரின் தரமும் பள்ள வெட்டுகளும்தான்.

அலாய் என்றால் எடை குறைவு என்பதும் பாதி உண்மையே. கடையில் மலிவாகக் கிடைக்கும் 17 அங்குல வார்ப்பு அலாய் பல சமயம் 14 அங்குல இரும்பு டிஸ்க்கைவிடக் கனமானது. அதுவும் ரிம்மின் ஓரத்தில் கூடும் எடை முன்னே நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் அங்கே கூடும் ஒரு கிலோ, வண்டியைக் கிளப்பும்போது ஏறத்தாழ இரண்டு கிலோவாக இழுக்கும். வெளிநாட்டில் சுசுகியே ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 195/45 ஆர்17 தந்ததே என்று கேட்கலாம். அந்த வண்டியின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் அந்தச் சக்கரத்துக்கென்றே அமைக்கப்பட்டவை, 1.4 லிட்டர் டர்போ எஞ்சினும் அதில் உண்டு. நம் 1.2 லிட்டர் வண்டிக்கு அதன் சக்கரம் மட்டும் வந்து என்ன பயன்?

அளவைக் கூட்டியே ஆகவேண்டும் என்பவர்கள் அதே காரின் மேல் மாடல் அளவோடு, அதாவது 15 அங்குலத்தோடு, நிறுத்திக்கொள்வது நல்லது. புது ரிம் வாங்கும்போது நான்கு போல்ட், அவை அமையும் 100 மி.மீ. வட்டம் என்பது பொருந்தினால் மட்டும் போதாது. ரிம்மின் நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்து, இடைவெளியை நிரப்பும் வளையமும் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவதை அறவே தவிர்க்கலாம், பேரிங்குக்குக் கேடு.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய இருப்பைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே தீரவேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.