திறந்த உறையும் குறைந்த முத்திரையும்

கோணேசர் மலையின் ஒருபுறம் அலைகடல். ஊரின் மறுபுறம் அலையடங்கிய உட்துறைமுகம். இயற்கை இத்துணை வாய்ப்பாக அமைத்துக் கொடுத்த துறைகள் உலகிற் சிலவே என்பர். ஆயினும், திருகோணமலையின் வாசகருக்கு நூலும் சஞ்சிகையும் கொணர்ந்தது பெரும்பாலும் கப்பலன்று; தபாற்பையே. கொழும்பிலே மாலையிற் கட்டிய பை இரவு வண்டியேறி, காட்டையும் குளத்தையும் கடந்து, விடியலில் இங்கு வந்து சேரும். அப்பையினுள் இருவகை உறைகள் இருந்தன. ஒன்று நன்கு ஒட்டி மூடியது. மற்றொன்று இருமுனையும் திறந்து, நூலாற் கட்டப்பட்டது. மூடிய உறையின் முத்திரை விலை மிகுதி. திறந்த உறையின் விலை குறைவு. இவ்வேறுபாடு ஏன் எழுந்தது? அதனைச் சிந்திப்பது, எழுத்தைப் பற்றிச் சிந்திப்பதாகவே முடியும்.

மூடிய உறையிலுள்ளது ஒருவர் மற்றொருவருக்கு மறைவாகச் சொல்லும் செய்தி. திறந்த உறையிலுள்ளதோ அச்சிட்ட எழுத்து, எவரும் படிக்கலாம். தனிமடல் எதுவும் உள்ளே ஒளிந்திருக்கவில்லை என்பதை அதிகாரி பிரித்துப் பார்த்தறியவே முனைகள் திறந்து விடப்பட்டன. மறைவைத் துறந்தவனுக்குக் கட்டணத்திற் சலுகை. இதுவே புத்தகத் தபாலின் அடிப்படை.

தபாற் கட்டணத்தின் வரலாற்றிலே 1840ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. இங்கிலாந்திலே ரோலண்ட் ஹில் என்பார் வகுத்த திட்டப்படி, தூரத்தைக் கணக்கிடாது எடையை மட்டுங் கணக்கிட்டு, ஒரு பென்னிக்கு மடல் செல்லலாயிற்று. மடலைச் சுமந்து செல்லும் செலவு சிறிது. அதனைக் கையாளும் செலவே பெரிது என்பது அவர் கண்ட உண்மை. இலங்கையிலே முதல் முத்திரை 1857இல் வெளியாயிற்று. தலைநகர்க்கு அணித்தே வாழ்வோனும் தொலைவில் வாழ்வோனும் ஒரே விலை கொடுத்தால் போதும் என்னும் நீதி, நம் போன்ற தூரத்து ஊர்களுக்கு வாய்த்த பேறு.

ஹில் கண்ட அவ்வுண்மையிலிருந்தே மொத்த அஞ்சற் சலுகை பிறந்தது. ஐந்நூறு மடல்களைத் தனித்தனியே பெட்டியில் இட்டால், ஐந்நூறு முகவரிகளையும் தபாற்கந்தோரே படித்துப் பிரித்தல் வேண்டும். அனுப்புவோர் தாமே ஊர்வாரியாகப் பிரித்து, குறியீட்டெண் இட்டு, கட்டுக்கட்டாகக் கொணர்ந்து ஒப்படைத்தால் அவ்வேலை மிச்சம். திருகோணமலையின் எண்ணாகிய 31000 என்பதை ஒரு கட்டின்மேற் கண்டால், அதனைப் பிரிக்காமலே வண்டியேற்றி விடலாம். ஐக்கிய அமெரிக்காவிலே விளம்பர மடல்களுக்கு இச்சலுகை வேண்டுவோர், ஒரே தடவையில் 200 மடல்களையோ 50 இறாத்தல் எடையையோ கொண்டு வருதல் வேண்டும். முதல்வகுப்பு மடலாயின் 500. ஆகவே, இது தானமன்று. அனுப்புவோர் செய்த வேலைக்குக் கிடைக்கும் கூலியே. வங்கிக்கும் வாணிக நிலையத்திற்கும் இக்கூலி எளிதிற் கிட்டும். ஐம்பது சந்தாதாரரை நாடெங்கும் சிதறலாகக் கொண்ட இலக்கிய ஏடு இருநூறு மடல்களுக்கு எங்கே போவது?

அதற்காகவே வேறொரு வகைச் சலுகை ஏற்பட்டது. அது கூலியன்று, கொள்கை. அறிவு பரவுதல் நாட்டிற்கு நன்மை என்று கருதிய அரசுகள் அச்சேடுகளுக்குத் தனி வகுப்பு அமைத்தன. அமெரிக்கா 1879இல் அஞ்சலை நான்கு வகுப்பாக்கி, பருவ இதழ்களை இரண்டாம் வகுப்பில் வைத்தது. இந்தியாவின் 1898ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்ற செய்தித்தாளுக்கு இடம் வகுத்தது. அவ்வகுப்பிலே 50 கிராமுக்கு மேற்படாத ஒரு பிரதிக்கு நெடுங்காலம் 25 காசே கட்டணம். இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றிலும், பொதுத் தபாலகத்திற் புதினப் பத்திரிகையாகப் பதிவு செய்யப்பட்டது என்னும் பொருள்பட ஒரு வரி ஓரத்திலே சிற்றெழுத்தில் அச்சாகியிருக்கும். வாசகர் கண் படாத அவ்வரியே பல ஏடுகளின் மூச்சு. பார்வையற்றோர்க்கான புடைப்பெழுத்து நூல்கள் பல நாடுகளிலே கட்டணமின்றியே செல்லுகின்றன. கொள்கையின் மிகவுயர்ந்த வடிவம் அதுவே.

ஆனால், வகுப்பு என்பது வாயில்; வாயிலுக்குக் காவலும் உண்டு. 2024 வரை நடைமுறையிலிருந்த அந்த இந்தியச் சட்டத்தின்படி, செய்தித்தாள் எனப் பதிவு பெற வேண்டுமாயின் 31 நாளுக்கு ஒரு முறையேனும் வெளிவருதல் வேண்டியிருந்தது. மூன்று திங்களுக்கு ஒரு முறை வரும் ஆய்விதழுக்கு அங்கே இடமிருக்கவில்லை. நூல்களைப் பதிவஞ்சலில் மலிவாக அனுப்பும் பழைய முறையை இந்திய அஞ்சல்துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்னும் புதிய முறை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். நல்லதே. ஆயினும் பருவ இதழ்களை அது ஏற்பதில்லை. காலாண்டிதழ் செய்தித்தாளும் அன்று, நூலும் அன்று என்றாயிற்று. அறிவைச் சுமப்பது எது என்று வகுப்போர் வகுத்த இலக்கணத்தினுள் அகப்படாத ஏடு, இரு வாயிலுக்கும் வெளியே நிற்கிறது.

இதனால் திருகோணமலைக்கு என்ன என்று கேட்பீராயின், இவ்வூரின் இலக்கிய வரலாறே விடை. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் கருதப்படும் ‘மோகனாங்கி’யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரினர்; அந்நூல் 1895இற் சென்னையில் அச்சாயிற்று. எழுதியவன் ஊர் ஓரிடம், அச்சுக்கூடம் வேறிடம், வாசகர் எங்கெங்கோ என்பதே நம் எழுத்தின் நிலை. யாழ்ப்பாணத்திலிருந்து 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழ்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். கையாற் சுமக்கக்கூடிய தூரம் சிறிது. எஞ்சியதைச் சுமப்பது தபாலே. இவ்வூரிலே 2007இல் தோன்றிய ‘நீங்களும் எழுதலாம்’ போன்ற கவிதையேடும் பிறவூர் வாசகரை அடைய வேறு வழி ஏது?

2022 ஆகஸ்டில் இலங்கையிலே சாதாரண மடலின் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாயிற்று. பணத்தின் மதிப்பு வீழ்ந்த காலத்தில் அது தவிர்க்கவியலாததாய் இருந்திருக்கலாம். தபாற்காரரும் சம்பளம் பெற்றே வாழ வேண்டும். ஆயினும், கட்டணம் உயருந்தோறும் அச்சேட்டிற்கும் மூடிய மடலிற்கும் உள்ள இடைவெளி காக்கப்படுகிறதா என்று கேட்பது ஆசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் உரிய கடமை.

நாமும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பாடசாலையில் ஐந்து ஆசிரியர் ஓர் இதழுக்குச் சந்தா செலுத்துவாராயின், ஐந்து உறைகள் வேண்டா. ஒரே கட்டாகத் தருவித்து, அங்கே பகிர்ந்துகொள்ளலாம். கூலிக்குரிய வேலையை நாம் செய்வோம். கொள்கைக்குரிய சலுகையை அரசிடம் கேட்போம். கேட்கும்போது பருவ இதழ்களையும் மறவாது சேர்த்துக் கேட்போம்.

கோட்டைகளும் கடற்படைகளும் இத்துறைமுகத்தின் பொருட்டு வந்து போயின. திறந்த உறையில் வந்த ஏடுகளோ எவரையும் வெல்லவில்லை. ஆனால், வந்தவை இங்கேயே தங்கின.