தொட்டிக்கு ஏற்ற மீன்

தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளம் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் நாகலாபுரம். அதனைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய்கள் நிறையும். கோடை வந்தால் அவை வற்றிக் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். நீரின் அருமையை நன்கு உணர்ந்த இத்தகைய ஊரில், பள்ளி வகுப்பறையில் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்து, மீன்கள் இனம் பெருகும் முறையை மாணவர் காண விரும்பினால், முதற்கண் எழும் வினா, எம்மீனைத் தேர்ந்தெடுப்பது என்பதே. அழகிய மீனே நல்ல மீன் என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் நீர், இடம், காலம், பிறக்கும் குஞ்சுகளின் கதி ஆகிய நான்கையும் ஆராய்ந்த பின்னரே அழகைப் பற்றி எண்ணுதல் தகும்.

முதலாவது, நீர். கரிசல் வட்டாரத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பும் கடினத்தன்மையும் உடையது. மழைநீர் போன்ற மென்மையான நீரில் வாழ்ந்து பழகிய மீன் இந்நீரில் உயிரோடு இருப்பினும், முட்டையிட்டுப் பெருகுவது அரிது. குழாய் வழியே வரும் குடிநீரைப் பயன்படுத்துவதாயின், அதில் குளோரின் கலந்திருக்கும். அந்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் நீங்கிய பின் தொட்டியில் ஊற்றுதல் வேண்டும். கோடை வெப்பமும் கருதத்தக்கது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். ஆதலின் தொட்டி, வெயில் நேரே படாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடம். இரண்டு அடி நீளமும், ஓர் அடி அகலமும், ஓர் அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் நீரே கொள்ளும். கண்மாயில் பிடித்த விரால் குஞ்சு சிறியதாய்த் தோன்றலாம்; வளர்ந்தபின் அதுவே முழங்கை நீளத்தையும் கடந்துவிடும்; உடன் வாழும் மீன்களையும் விழுங்கும். கெளுத்தியின் முள் கையைக் குத்தி வருத்தும். பொன்மீனோ பெரிதும் கழிவை வெளியிட்டு நீரை விரைவில் கெடுப்பது. இவை சிறு தொட்டிக்கு ஏற்றவை அல்ல.

மூன்றாவது, காலம். பள்ளித் தொட்டியை ஜூன் திங்களில் நிறுவினால், கோடை விடுமுறைக்கு முன்னரே பயன் காணுதல் வேண்டும். ரோகு, கட்லா போன்ற கெண்டை வகைகள் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் இயல்பின. தேங்கிய நீரில் முட்டையிடா. அவற்றைத் தொட்டியில் விட்டுக் காத்திருத்தல் வீண். கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தி முட்டையிடச் செய்யும் முறையில் இந்திய அறிவியலார் 1957-ஆம் ஆண்டு வெற்றி கண்டனர். அவருள் முதன்மையானவர் ஹீராலால் சௌதுரி. அவ்வெற்றி கிட்டிய ஜூலை 10-ஆம் நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. மீனின் இயல்பை அறியாது அதனைப் பெருக்குதல் இயலாது என்பதற்கு இச்செய்தியே சான்று.

இம்மூன்று அளவைகளுக்கும் பொருந்துவது கப்பி என்னும் சிறுமீன். தென்னமெரிக்காவின் வடபகுதியும் திரினிடாட் தீவும் இதன் தாயகம். அத்தீவில் வாழ்ந்த கப்பி என்பவர் அனுப்பிய மீன்களை ஆராய்ந்த இலண்டன் அறிஞர், 1866-இல் அவர் பெயரையே அதற்கு இட்டனர். கடின நீரில் இது செழித்து வாழும். முட்டையிடாது, குஞ்சுகளையே ஈனும். ஆண் சிறியது, வண்ண வால் உடையது. பெண் பெரியது, வண்ணம் மங்கியது. ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் எளிது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தாய் குஞ்சு ஈனும். ஈன்ற தாயே தன் குஞ்சுகளை உண்ணுதல் உண்டு. ஆதலின் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள நீர்ப்பாசியும் செடிகளும் தொட்டியில் அடர்ந்திருத்தல் வேண்டும். அவித்த முட்டையின் மஞ்சட் கருவைப் பொடித்துச் சிறிதளவு இட்டால் குஞ்சுகள் உண்ணும். மிகுந்தால் நீர் நாறும்.

கப்பியை வளர்த்துப் பழகிய மாணவர் அடுத்த ஆண்டில் வரிக்குதிரை மீனை நாடலாம். கங்கைச் சமவெளிக்கு உரிய இம்மீனை 1822-இல் ஹாமில்ட்டன் என்பவர் விவரித்து எழுதினார். இது இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. காரணம், இதன் முட்டை கண்ணாடி போன்று தெளிவாயிருப்பதே. முட்டையிட்ட ஒரு நாளில் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்கி வழியே காணலாம். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு வெளிவரும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினால், முட்டைகள் அவற்றின் இடுக்கில் வீழ்ந்து தாய்மீனின் வாய்க்குத் தப்பும். ஆயின் இதன் குஞ்சுகள் மிக நுண்ணியவை. வைக்கோல் ஊறிய நீரில் தோன்றும் நுண்ணுயிர்களே அவற்றின் முதல் உணவு. அவ்வுணவை முன்னரே ஆயத்தம் செய்யாதவர் குஞ்சுகளைப் பட்டினியால் இழப்பர்.

நான்காவது வினாவே யாவற்றினும் பெரிது: பிறந்த குஞ்சுகள் எங்கே செல்லும்? மூன்று பெண் கப்பிகள் திங்கள்தோறும் முப்பது குஞ்சுகள் வீதம் ஈன்றால், மூன்று திங்களில் இருநூற்றெழுபது குஞ்சுகள் ஆகும். அதற்குள் முதலிற் பிறந்தவையும் தாயாகத் தொடங்கும். அத்தனைக்கும் 56 லிட்டர் நீர் போதுமோ? போதாது. அப்போது, "கண்மாயில் விட்டுவிட்டால் என்ன?" என்னும் எண்ணம் தோன்றும். அது இரக்கம் போலத் தோன்றினும் கண்மாய்க்குத் தீங்காய் முடியும்.

ஜிலேபிக் கெண்டை என்று வழங்கும் திலேப்பியா மீன் இதற்கு எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்க நாட்டு மீனாகிய இது, உணவுக்காக 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தாய் தன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதாலும், ஆண்டில் பன்முறை ஈனுவதாலும் இது விரைந்து பெருகியது. தமிழ்நாட்டு ஏரி குளங்கள் பலவற்றில் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொண்டது. ஒருமுறை பரவியதை மீட்டுப் பிடித்தல் எவராலும் ஆகவில்லை. கொசுப்புழுவை ஒழிக்கும் பொருட்டுச் சுகாதாரத் துறையினர் கிணறு, தொட்டி முதலியவற்றில் கப்பியை விடுதல் உண்டு. அது அத்துறையினர் இடமறிந்து செய்யும் செயல். அயிரையும் குறவையும் வாழும் ஊர்க் கண்மாயில் மாணவர் தொட்டி மீனைக் கொட்டுதல் அதனோடு ஒப்பாகாது.

ஆதலின் குஞ்சு பிறக்கும் முன்னரே அதற்கு வழி காணுதல் வேண்டும். குறித்த எண்ணிக்கை நிறைந்ததும் ஆண், பெண் மீன்களை வெவ்வேறு தொட்டிகளில் பிரித்துவிடலாம். எனினும் பிரித்த பின்னும் பெண் கப்பி சில முறை ஈனக்கூடும் என்பதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். மிகுந்த குஞ்சுகளைப் பிற பள்ளிகளுக்கோ, வண்ணமீன் வளர்ப்போருக்கோ கொடுக்கலாம். ஐயம் எழின், தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியின் அறிவுரையை ஆசிரியர் நாடலாம்.

மீனைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாட் செயல். அதனைப் பேணுவது நெடுநாட் கடமை. தன் கையால் பிறந்த உயிருக்கும், தன் ஊரின் கண்மாயில் முன்னமே வாழும் உயிருக்கும் தீங்கு நேராவண்ணம் தேர்ந்தெடுப்பவனே உயிரியலை உண்மையில் கற்றவன் ஆவான்.