வயல் மண்ணைக் காத்தார்கள், ஓடைக்கு மீன் திரும்பியது: விஸ்கான்சின் விவசாயிகள் தரும் பாடம்

அமெரிக்காவில் ஆற்று மீன் பிடிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. விடுமுறை நாளில் தூண்டிலோடு ஆற்றில் இறங்கி, பிடித்த மீனைப் பலர் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். இதற்காக அரசிடம் உரிமம் வாங்குவார்கள். கிராமத்து விடுதியிலும் கடையிலும் பணம் செலவழிப்பார்கள். இதற்கும் நம் விவசாயிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த மீன் ஆற்றில் இருப்பதும் இல்லாமல் போவதும் கரை மேலே உள்ள வயலைப் பொறுத்தது. அங்கே மண் அரித்தால் இங்கே மீன் குறையும்.

ஸ்மால்மவுத் பாஸ்: எப்படிப்பட்ட மீன்?

தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் மீன்களில் ஒன்று ஸ்மால்மவுத் பாஸ். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள், மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதி, ஒஹாயோ, டென்னசி ஆறுகள் இதன் சொந்த இடங்கள். பொதுவாக ஒரு கிலோவை ஒட்டிய எடையில் கிடைக்கும். அளவில் சிறிது என்றாலும், தூண்டிலில் மாட்டியதும் துள்ளி இழுத்துப் போராடும்.

இதைப் பிடிக்கும் முறைகளில் ஒன்று ஃபிளை ஃபிஷிங். நம் ஊர்த் தூண்டிலில் புழுவும் ஈயக் குண்டும் இருக்கும். குண்டின் எடையால் முள் தூரம் போய் விழும். ஃபிளை ஃபிஷிங்கில் பறவை இறகும் விலங்கு முடியும் கட்டிய பொய்ப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றைத் தடிமனாகச் செய்து, அதைச் சாட்டை போல வீசிப் பூச்சியைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். பூச்சியோ குஞ்சு மீனோ நீந்துவது போலத் தெரிந்தால்தான் மீன் கவ்வும். மீன் கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

வண்டல் செய்யும் கேடு

வசந்த காலத்தில் தண்ணீர் சுமார் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது ஆண் மீன் ஆற்றடிச் சரளைக் கற்களை வாலால் பெருக்கிக் குழி அமைக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மீன்தான் காவல் இருந்து, துடுப்பால் விசிறி முட்டைகளுக்குக் காற்றோட்டம் கொடுக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில காலம் காவல் தொடரும்.

இந்த நேரத்தில் வயலிலிருந்து மண் கரைந்து வந்தால் மூன்று கேடுகள் நேரும். முதலாவது, நுண்ணிய வண்டல் முட்டைகளை மூடி மூச்சடைக்கச் செய்யும். இரண்டாவது, கல் இடுக்குகள் அடைபட்டு, அங்கே வாழும் நீர்ப்பூச்சிகளும் கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கிறாலும் குறையும். இவைதான் பாஸ் மீனின் முக்கிய இரை. மூன்றாவது, கலங்கிய நீரில் மீனுக்கு இரை கண்ணில் படாது. கரையில் மரம் செடி இல்லாவிட்டால் நிழலும் போய்விடும்.

கூன் வேலி கற்றுத் தந்தது

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில் கூன் வேலி என்ற மலைப்பாங்கான பகுதி உள்ளது. குடியேறிய விவசாயிகள் 1850களிலிருந்து காடு திருத்திக் கோதுமை விதைத்தனர். பிறகு கறவை மாடுகளுக்கு மாறினர். சரிவில் மேலிருந்து கீழாக உழுதார்கள். செங்குத்தான மலைச் சரிவிலும் மாடுகளை மேயவிட்டார்கள். இரண்டு தலைமுறைக்குள் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடத் தொடங்கியது. வயல்களில் அரிப்புப் பள்ளங்கள் விழுந்தன. ஓடைகள் மழையில் பெருக்கெடுத்தன, கோடையில் வற்றின. பள்ளத்தாக்கு நிலங்கள் வண்டலில் புதைந்தன. குளிர்ந்த ஊற்று நீர் தேவைப்படும் டிரவுட் மீன்கள் குறைந்துபோயின.

1933இல் ஹியூ பென்னட் தலைமையிலான மண் அரிப்புத் தடுப்புத் துறை அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டத்தை இங்கே தொடங்கியது. விவசாயிகள் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே உழவு, ஒரு பட்டை தானியம் ஒரு பட்டை தீவனப்புல் என மாற்றிப் பயிரிடுதல், செங்குத்துச் சரிவுகளில் மாடு புகாமல் வேலி, அரிப்புப் பள்ளங்களை அடைத்தல் ஆகியவை நடந்தன. விதை, சுண்ணாம்பு, வேலிக்கான உதவியை அரசு கொடுத்தது.

விவசாயத்தை யாரும் கைவிடவில்லை. செய்யும் முறையை மாற்றினார்கள். 1990களில் இந்த ஓடையில் வண்டல் படியும் வேகம் 1930களில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்ததை ஆய்வுகள் காட்டின. மழைநீர் மண்ணில் இறங்கியதால் ஊற்றுகள் உயிர்பெற்றன. ஓடை ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக ஓடியது. டிரவுட் மீன்கள் மீண்டும் தாமாகவே இனப்பெருக்கம் செய்கின்றன. இன்று இப்பகுதியின் சிற்றோடைகள் டிரவுட்டுக்கும், வெப்பம் சற்றுக் கூடிய பெரிய ஆறுகள் ஸ்மால்மவுத் பாஸுக்கும் பெயர் பெற்றவை.

விவசாயிக்கு என்ன கிடைத்தது?

முதல் லாபம் வயலிலேயே தங்கிய மேல்மண். அடுத்தது, அரசு தரும் தொகை. தூண்டில் கருவிகள் மீது 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி வரி உண்டு. அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளப் பணிக்கே திரும்புகிறது. விஸ்கான்சினில் ஓடைக்கரைப் பட்டையில் பொதுமக்கள் நடக்க உரிமை தரும் விவசாயிக்கு அரசு ஒரு தொகை கொடுக்கிறது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அரிப்பு அதிகமுள்ள நிலத்தைப் புல்லாகவோ மரமாகவோ விட்டுவைத்தால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஆண்டு வாடகை தரும் திட்டமும் 1985 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது.

ஓர் எச்சரிக்கை

நல்ல மீன் என்பதால் எங்கும் விடலாம் என்று எண்ணக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோய் விட்ட ஸ்மால்மவுத் பாஸ், கேப் பகுதி ஓடைகளின் சிறிய நாட்டு மீன்களைத் தின்று பல இடங்களில் இல்லாமலே செய்துவிட்டது. நம் நாட்டில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை இருப்பதும் இதே காரணத்தால்தான். பண்ணைக்குட்டையில் வளர்க்கும் எந்த வெளிநாட்டு மீனையும் ஓடையிலோ ஏரியிலோ விடாதீர்கள்.

நம் வயலில் செய்ய வேண்டியவை

ஒரு ஏக்கரில் வெறும் 1 மில்லிமீட்டர் மண் கரைந்தால் அது சுமார் 4 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். எடையில் 5 டன்னுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாமல் போகும் இந்த மண்ணோடு நீங்கள் போட்ட எருவும் உரமும் சேர்ந்தே போகின்றன. மானாவாரி விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. கோடை உழவையும் விதைப்பையும் சரிவுக்குக் குறுக்கே செய்யுங்கள். ஒவ்வொரு உழவுச் சாலும் சிறிய வரப்பாக நின்று நீரைத் தடுக்கும்.

2. சம உயரக் கோட்டை நீங்களே கண்டுபிடிக்கலாம். சம நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் கம்பு வைத்துக் கூடாரக் கால் போல அமையுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு முளைகள் மேல் நிறுத்தி, கயிறு படும் இடத்தைக் குறுக்குக் கம்பில் குறியுங்கள்; கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியில் கயிறு நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்று பொருள். அப்படியே நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போகலாம்.

3. மழை குறைந்த பகுதிகளில், சரிவு 6 சதவீதத்துக்குள் இருந்தால் சம உயர வரப்பு போடலாம். ஆழமான கரிசல் மண்ணில் இது ஏற்றதல்ல. நீர் தேங்கும், வரப்பு வெடிக்கும். அங்கே நீர் மெதுவாக வடியும்படி லேசான சரிவு கொடுத்த வரப்பே நல்லது.

4. வரப்பை ஒட்டி வெட்டிவேர் நாற்றுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், மழை பெய்து மண் நனைந்ததும் நடுங்கள். கொழுக்கட்டைப் புல் நட்டால் தீவனமும் கிடைக்கும்.

5. ஓடை விளிம்பு வரை உழாதீர்கள். கரையோரம் ஒரு பட்டையைப் புல்லும் மரமுமாக விட்டுவையுங்கள். மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு வழியை மட்டும் ஒதுக்குங்கள்.

6. மருந்து தெளிப்பானை ஓடையில் கழுவாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த நல்ல மழையில் உங்கள் வயலிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் படியும் மண் எவ்வளவு என்று பார்த்தால், எந்த வேலையை முதலில் தொடங்குவது என்பது தெரிந்துவிடும். வரப்பு, பண்ணைக்குட்டைப் பணிகளுக்கான ஆலோசனைக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.