விசுவாசம் வாழ்வில் வெளிப்படல்: சி. எப். அன்ட்ரூஸ் காட்டிய வழி



கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எவ்வாறு வெளிப்படுத்தலாம் என்ற வகையிலான வினாவை நீங்கள் பரீட்சையில் எதிர்கொள்ளக்கூடும். இதற்குப் பலரும் எழுதும் விடை ஏறத்தாழ ஒன்றுதான்: பிறருக்கு உதவ வேண்டும், எல்லோரிடமும் அன்பு காட்ட வேண்டும், நல்ல தலைவராக இருக்க வேண்டும். இவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவ்வாறு வாழ்ந்தவர் யார், எந்தச் சூழலில் வாழ்ந்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று காட்டாத விடை வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும்.

எனது வகுப்பில் ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: “சேர், குடுக்கிறதுக்கு எங்களிட்ட என்ன இருக்கு?” அவளது வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆகவே அன்று உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவளுடைய கேள்வியையும் மனதிற் கொண்டே ஒருவரின் வாழ்க்கையை இங்கு நோக்குவோம்.

1. அறிமுகம்

சார்ள்ஸ் பிரீயர் அன்ட்ரூஸ் 1871 பெப்ரவரி 12 ஆம் திகதி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். நண்பர் ஒருவரின் நம்பிக்கைத் துரோகத்தால் பணத்தை இழந்த குடும்பம் அவருடையது. கேம்பிரிட்ஜில் கற்று, 1897 இல் குருவாக அபிஷேகம் பெற்றார். தென் இலண்டனின் வறிய மக்கள் மத்தியில் சில காலம் பணியாற்றிய பின்னர் 1904 இல் இந்தியாவுக்கு வந்து, டில்லி புனித ஸ்தேவான் கல்லூரியில் ஆசிரியரானார். அப்போது இந்தியா பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. ஆளும் இனத்தவர் என்ற மதிப்பு, ஆங்கிலேயரான அன்ட்ரூஸுக்குக் கேளாமலே கிடைத்தது. அவர் அதை என்ன செய்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

2. தலைமைத்துவம்: பதவியை விட்டுக்கொடுத்தல்

1906 இல் கல்லூரியின் அதிபர் பதவி வெற்றிடமானது. மிஷன் கல்லூரி ஒன்றுக்கு ஆங்கிலேயரே தலைமை தாங்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. அன்ட்ரூஸ் அப்பதவிக்குப் பொருத்தமானவராகக் கருதப்பட்டார். ஆயினும் அங்கு நீண்ட காலம் கற்பித்துவந்த சுசில் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்தவரே அதிபராக வேண்டும் என அவர் உறுதியாக வாதாடினார். ருத்ரா அக்கல்லூரியின் முதலாவது இந்திய அதிபரானார். 1923 வரை அப்பதவியில் இருந்தார். அன்ட்ரூஸ் அவரின் கீழ் ஆசிரியராக மகிழ்ச்சியுடன் பணிபுரிந்தார்.

தலைவன் என்றால் முன்னே நிற்பவன் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். முதன்மையானவனாக விரும்புகிறவன் ஊழியனாக இருக்க வேண்டும் என்பதே இயேசு சீடர்களுக்கு அளித்த போதனை (மாற்கு 10ஆம் அதிகாரம்). தகுதியுள்ள இன்னொருவருக்கு வழிவிடுவதும் தலைமைத்துவமே என்பதற்கு இந்நிகழ்வு சிறந்த உதாரணமாகும்.

3. தாராள மனம்: சேமிப்பையும் தன்னையும் கொடுத்தல்

1860 முதல் சென்னை, கல்கத்தா துறைமுகங்களிலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரம் பேர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் சுதந்திரமாக அங்கு வாழ விரும்பியவர்கள் ஆண்டுக்கு 3 பவுண் வரி செலுத்த வேண்டியிருந்தது. வறிய தொழிலாளருக்கு இது தாங்க முடியாத சுமை. 1913 இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று, கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத இந்தியத் திருமணங்களின் சட்டபூர்வ நிலையையும் கேள்விக்குள்ளாக்கியது. அவ்வாண்டு காந்தியடிகளின் தலைமையில் போராட்டம் மூண்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர்.

இந்தியாவில் கோபால கிருஷ்ண கோகலே இம்மக்களுக்காக நிதி திரட்டினார். அன்ட்ரூஸ் தமது சேமிப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். அத்துடன் நிற்காது, நண்பர் பியர்சனுடன் கப்பலேறி 1914 சனவரியில் டர்பன் துறைமுகத்தை அடைந்தார். காந்திக்கும் அரசின் சார்பில் பேசிய ஸ்மட்ஸுக்கும் இடையில் இணக்கம் ஏற்பட அவர் துணைபுரிந்தார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் நிறைவேறிய சட்டம் 3 பவுண் வரியை நீக்கியது. இந்து, இஸ்லாமியத் திருமணங்களுக்கும் அங்கீகாரம் அளித்தது. ஒரு கிறிஸ்தவ குரு, பிற சமயத்தவரின் திருமண உரிமைக்காகவும் உழைத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் 1915 இலும் 1917 இலும் அவர் பீஜித் தீவுகளுக்குச் சென்று, கரும்புத் தோட்டத் தொழிலாளரின் துன்பங்களை நேரிற் கண்டு எழுதினார். பலர் சேர்ந்து எழுப்பிய குரலின் பயனாக, அங்கு எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1920 சனவரி 1 ஆம் திகதி இரத்தாயின. ஏழைகளின் உறவினன் எனப் பொருள்படும் “தீனபந்து” என்ற பெயர் அவருக்கு நிலைத்தது இப்பணிகளாலேயே.

4. பண்பாடு கடந்த நட்பு

டர்பனில் இறங்கியதும் அன்ட்ரூஸ் குனிந்து காந்தியின் பாதங்களைத் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளையர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர் பலர் சினந்தனர். சீடர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றியவருக்கு அது இழிவாகத் தோன்றவில்லை. அன்று தொடங்கிய நட்பில் காந்தி அவருக்கு “மோகன்”. அவர் காந்திக்கு “சார்லி”. அவரது பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டே, கிறிஸ்துவின் உண்மையுள்ள அப்போஸ்தலன் என்று காந்தி அன்புடன் பொருள் கூறினார்.

இந்நட்பு தலையாட்டும் நட்பாக இருக்கவில்லை. 1921 இல் அந்நியத் துணிகளை எரிக்கும் இயக்கம் நடந்தபோது, அது தவறு என்று அன்ட்ரூஸ் காந்திக்கே வெளிப்படையாக எழுதினார். கருத்து வேறுபட்டது, நட்பு முறியவில்லை.

1912 இல் இலண்டனில் சந்தித்த இரவீந்திரநாத் தாகூருடன் சாந்திநிகேதனில் வாழ்ந்து பணியாற்றினார். டில்லியில் தமக்கு அன்பு காட்டிய முதிய இஸ்லாமிய அறிஞர் சக்காவுல்லாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1929 இல் வெளியிட்டார். இவர்களைத் தம் சமயத்துக்கு மாற்றுவதை அவர் நட்பின் விலையாகக் கேட்கவில்லை. அதேவேளை தமது விசுவாசத்தை மறைக்கவுமில்லை. கிறிஸ்துவுக்குத் தாம் பட்ட கடனைப் பற்றி 1932 இல் ஒரு நூலே எழுதினார். 1940 ஏப்ரல் 5 ஆம் திகதி கல்கத்தாவில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

5. எமது வாழ்வில்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அன்ட்ரூஸ் தமது சேமிப்பைக் கொடுத்தது 1913 இல். அதன் பின்னரும் 26 ஆண்டுகள் அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். நேரம், உழைப்பு, பதவி, பிறப்பால் வந்த மதிப்பு ஆகியவை அவர் கொடுத்தவற்றுள் முக்கியமானவை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டியதும் (மாற்கு 12ஆம் அதிகாரம்) தொகையைப் பார்த்தல்ல.

வகுப்புக்கு வராத நண்பனுக்குக் குறிப்புகளை எழுதிக் கொடுக்கலாம். மாணவத் தலைவர் பதவிக்கு உங்களைவிடத் தகுதியான ஒருவர் இருந்தால் அவருக்காகப் பேசலாம். சிங்களம் பேசும் அயல்வீட்டாரின் மொழியில் நாலு வார்த்தை கற்று, அவர்களின் துக்கத்திலும் சந்தோசத்திலும் பங்குகொள்ளலாம். இவற்றுள் எதற்கும் காசு தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் நாம் எதையோ விடவேண்டியிருக்கும்: தூக்கத்தை, பெயரை, பழைய கோபத்தை. அதுதான் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில்.

6. பரீட்சைக் குறிப்பு

விடை எழுதும்போது ஒவ்வொரு பண்புக்கும் நிகழ்வு, ஆண்டு, விட்டுக்கொடுத்தது, வேதாகமத் தொடர்பு ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி வினா: “தலைமைத்துவம் என்பது வழிவிடுதலும் ஆகும்.” அன்ட்ரூஸின் வாழ்விலிருந்தும் உமது அனுபவத்திலிருந்தும் ஒவ்வோர் உதாரணம் தந்து விளக்குக.